அயலக உணவும் பயண நினைவும்

பயணம் சென்று மீண்டவர் தம்முடன் கொண்டு வருவன யாவை என வினவினால், துணிமணி, நறுமணப் பொருள், நிழற்படம் எனப் பலவற்றைக் கூறுவர். இவையனைத்தும் பெட்டியில் வருவன. பெட்டியில் அடங்காமல் வருவதும் ஒன்றுண்டு. அஃது அந்நாட்டில் உண்ட உணவின் சுவை. ஊர் திரும்பிச் சில திங்கள் கழிந்தபின், ஒரு விடுமுறை நாளில், அவ்வுணவை நம் வீட்டு அடுப்பில் ஆக்கிப் பார்க்கும் எண்ணம் எழுகின்றது. கிடைத்த பொருள்களைக் கொண்டு சமைக்கின்றோம். எண்ணெய் காய்ந்து தாளிதத்தின் மணம் எழுந்த அளவிலேயே, மறந்துபோன தெரு ஒன்றும், அத்தெருவில் நம்மோடு நடந்தவர் முகமும் கண்முன் வந்து நிற்கின்றன.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? இவ்வாறு எழும் நினைவு எத்துணைக் காலம் நிலைத்திருக்கும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியினின்று காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றால், ஒரு பழம்பயணத்தின் நினைவை உணவின் வழியே காத்துவரும் மரபு ஒன்றை அங்கே காணலாம். அம்மரபையும், நம் காலத்து வீடுகளின் அடுப்பங்கரைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணமும் நினைவும்

சுவையை ஆறென வகுத்தனர் நம் முன்னோர். இன்றைய உடலியலார், நாவிலுள்ள சுவையரும்புகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு, இறைச்சிச் சாறு போன்றவற்றில் காணப்படும் ‘உமாமி’ எனும் சுவையையும் உணர்கின்றன என்பர். இச்சில சுவைகளை மட்டுமே நா அறியும். ஓர் உணவை மற்றோர் உணவினின்று வேறுபடுத்திக் காட்டுவதில் பெரும்பங்கு மூக்கினுடையதே. மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கினுள் ஏறுகின்றது. சளி பிடித்த நாளில் பிரியாணியும் வெறுஞ்சோறும் ஒன்றுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே.

கண், செவி முதலிய புலன்கள் தரும் செய்திகள், மூளையின் நடுவே அமைந்த ‘தலாமசு’ என்னும் இடைநிலையத்தின் வழியாகவே மேற்பகுதிகளைச் சென்று சேர்கின்றன. மணத்தின் வழி இதனினும் நேரானது. மூக்கினின்று செல்லும் நரம்புகள் முகர்வுக் குமிழை அடைந்து, அங்கிருந்து உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை மிக விரைவில் எட்டுகின்றன. மணத்தை அறியும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991-ஆம் ஆண்டு கண்டறிந்து வெளியிட்ட ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் ஆகிய இருவர்க்கும் 2004-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அறிவியலார் காரணம் கூறுவதற்கு நெடுநாள் முன்னரே இலக்கியவாணர் இவ்வனுபவத்தைக் கண்டுகொண்டனர். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூசுத்து 1913-இல் வெளியிட்ட தம் நெடும்புதினத்தின் முதற் பகுதியில், தேநீரில் நனைத்த சிறு கேக்குத் துண்டொன்று இளமைக் காலத்து ஊர் முழுவதையும் மீட்டுத் தந்ததாக எழுதியுள்ளமை உலகறிந்த செய்தி.

இனி, நாள்தோறும் உண்ணும் சாம்பார் இவ்வாறு ஒரு நாளையும் நினைவூட்டாமல், எங்கோ ஒருமுறை உண்ட உணவு மட்டும் நினைவூட்டுவானேன்? சாம்பாரின் மணம் நம் வாழ்வின் ஆயிரம் நாள்களோடு பிணைந்துள்ளது. ஆயிரம் கதவுகளுக்கும் ஒரே திறவுகோல் என்றால், எந்தக் கதவு திறக்கும் என்று கூற இயலாது. பயணத்தில் உண்ட உணவோ ஓர் ஊரோடும் ஒரு பருவத்தோடும் மட்டுமே பிணைந்தது. ஆகவே அத்திறவுகோல் அந்த ஒரு கதவையே திறக்கின்றது.

உண்பதைக் காட்டிலும் சமைப்பதில் இந்நினைவு வலுப்பெறுவதும் கருதத்தக்கது. உண்பது சில நிமிடங்களில் முடிந்துவிடும். சமைப்பதற்கோ ஒரு மணி நேரம் ஆகின்றது. நறுக்குவது, வறுப்பது, அரைப்பது, கொதிக்க விடுவது என ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு மணம் எழுகின்றது. கையும் தான் பழகிய வேலையைத் தானே நினைவுகூர்கின்றது. ‘அங்கே இதற்கு என்ன சேர்த்தார்கள்?’ என்று நம்மை நாமே வினவிக்கொள்ளும்போது, நம்மையறியாமலேயே அந்த ஊருக்குத் திரும்பச் செல்கின்றோம்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை இன்றியமையாதது. மணத்தால் எழும் நினைவு உணர்ச்சி மிக்கது. அதனாலேயே பிழையற்றது என்று கொள்ளலாகாது. கண்ட தெருவின் அகலத்தை அது கூட்டியும் குறைத்தும் காட்டும். எனவே உணவு தரும் நினைவை வரலாற்றுச் சான்றாக அவ்வாறே ஏற்பதும் தவறு. பயனற்றதெனத் தள்ளுவதும் தவறு. எது நடந்தது என்பதைவிட, எதனை நினைவில் வைக்க மனிதர் விரும்பினர் என்பதையே அது தெளிவாகக் காட்டும்.

சோற்று நாட்டில் கோதுமை வழிப்போக்கர்

உணவும் பயணமும் பற்றிய பேச்சில் இப்னு பதூதாவை நினையாமல் இருத்தல் இயலாது. மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த இப்பெரும் பயணி, 1340-களில் தமிழகக் கரைக்கும் வந்து, மதுரைச் சுல்தானின் அவையில் தங்கினார். தம் பயணங்களை முடித்துத் தாயகம் மீண்ட பின்னர், பெசு நகரில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பெற்ற நூல் 1355-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது.

கோதுமை ரொட்டியும் பேரீச்சையும் உண்டு வளர்ந்த அவர்க்கு நம் கடற்கரை நாடுகளின் சோறு பெருஞ் சோதனையாக அமைந்தது. ஹொன்னாவர் மன்னரின் அவையில் 11 திங்கள் ரொட்டியே காணாமல் சோறே உண்டதாகவும், மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார் ஆகிய இடங்களில் 3 ஆண்டுகள் சோறன்றி வேறு உண்ணாமையால், பின்னர்த் தண்ணீர் குடித்தே அதனை விழுங்க வேண்டியதாயிற்று என்றும் அவர் கூறுகின்றார். அரசர்களையும் போர்களையும் கண்ட அப்பெரியார், எத்துணையோ ஆண்டுகளுக்குப் பின், கடலுக்கு அப்பால் அமர்ந்து நம் நாட்டை நினைத்தபோது, தொண்டையில் இறங்க மறுத்த சோற்றுக் கவளத்தையும் மறவாமல் நினைத்தார். நம் சோறும் ஒருவர்க்கு அயலக உணவே என்பதை இச்செய்தி நமக்கு நினைவூட்டுகின்றது.

அதே 14-ஆம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளோடு தொடர்புடையதாகத் திருவரங்கத்தில் ஒரு மரபு வழங்குகின்றது. ரொட்டி கிடைக்காமல் வருந்திய வழிப்போக்கரை இப்னு பதூதாவிடம் கண்டோம். சோற்று நாட்டுக்கு வந்த ஒருத்திக்காக ரொட்டி சுட்டுத் தரும் மடைப்பள்ளியை இங்கே காண்கின்றோம்.

துலுக்க நாச்சியாரின் ரொட்டி

திருவரங்கப் பெருங்கோயிலில் அருச்சுன மண்டபத்தை அடுத்து ஒரு சிறு சந்நிதி உண்டு. துலுக்க நாச்சியார் என்பது அங்குள்ளார்க்குப் பெயர். துருக்கர் என்ற சொல்லின் திரிபே துலுக்கர் என்பது. இச்சந்நிதியில் சிலை வடிவம் இல்லை, ஓவியமே உள்ளது. இசுலாம் உருவ வழிபாட்டை ஏற்பதில்லை என்பதை மதித்து இவ்வாறு அமைத்தனர் என்பது அங்கு வழங்கும் விளக்கம்.

கோயிலின் நடைமுறைகளைத் தொகுத்துரைக்கும் ‘கோயிலொழுகு’ இது பற்றிய கதையைக் கூறுகின்றது. தில்லிப் படையினர் கோயிலின் உற்சவத் திருமேனியை எடுத்துச் சென்றனர். சுல்தானின் மகள் அதனைத் தன் அரண்மனையில் வைத்து அன்பு பாராட்டினாள். கோயிலைச் சேர்ந்தோர் தில்லி சென்று, ஆடல் பாடலால் சுல்தானை மகிழ்வித்து, திருமேனியைத் திரும்பப் பெற்றனர். பிரிவு பொறாத இளவரசி பின்தொடர்ந்து திருவரங்கம் வந்து அங்கேயே உயிர் நீத்தாள். இதுவே கதையின் சுருக்கம். கருநாடகத்து மேல்கோட்டையிலும் பீபி நாச்சியார் என்ற பெயரில் இதனையொத்த கதை வழங்குகின்றது.

வரலாறு கூறுவது வேறு. மாலிக் காபூரின் தென்னகப் படையெடுப்பு 1311-இலும், உலூக் கானின் படையெடுப்பு 1323-இலும் நிகழ்ந்தன. இரண்டாம் படையெடுப்பின்போது வைணவப் பெரியார் பிள்ளை லோகாசாரியர் தலைமையில் அடியார் சிலர் திருமேனியைச் சுமந்து தெற்கு நோக்கிச் சென்றனர். மதுரைக்கு அண்மையில் அவர் உயிர் நீத்தார். திருமேனி மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை, செஞ்சி எனப் பல இடங்களில் தங்கி, விசயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் 1371-ஆம் ஆண்டு திருவரங்கம் மீண்டது. 48 ஆண்டுக் காலம் நீண்ட பயணம் இது. இதில் உயிரிழந்தோர் பலர். அத்துயரத்தை மறைப்பதோ குறைப்பதோ நம் நோக்கமன்று.

நாம் ஈண்டுக் கருதுவது, அத்துயர வரலாற்றினூடே கோயிலின் அடுப்பு எதனை நினைவில் வைத்தது என்பதையே. துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்பெறுகின்றன. நம்பெருமாளுக்குத் திருமஞ்சன வேளையில் கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு. மார்கழித் திருவிழாவின் பகற்பத்து நாள்களில் அவர் வீற்றிருப்பதும் இச்சந்நிதியை அடுத்த அருச்சுன மண்டபத்திலேயே.

தமிழ்த்துறையினர் கருதத்தக்க சொல்நயம் ஒன்றும் இதில் உண்டு. வைணவர் தம் உணவுப் பெயர்களைத் தமக்கென அமைத்துக்கொண்டவர்கள். மிளகு நீரைச் சாற்றமுது என்பர். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பர். கறியைக் கறியமுது என்பர். எல்லாம் அமுதாக மாறிய அம்மடைப்பள்ளியில் ரொட்டி மட்டும் ரொட்டி என்றே வழங்குகின்றது. வந்தவளின் உணவை ஏற்றுக்கொண்டவர்கள் அதன் பெயரையும் மாற்றவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, நெல் விளையும் தீவில், கோதுமைக்குப் பிறந்த ஊர் வேறு என்பதை அப்பெயரே நாள்தோறும் அறிவிக்கின்றது.

இளவரசி வந்தாளா, இல்லையா என்ற வினாவை வரலாற்றறிஞர்க்கு விட்டுவிடுவோம். போரின் நினைவாக ஒரு பகைமையை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அம்மக்களுக்கு இருந்தது. அவர்கள் விருந்தாளி ஒருத்தியின் நினைவாக ஒரு ரொட்டியையும் வைத்துக்கொண்டனர். அதனைத் தேர்ந்தது மெய். அது இன்றும் நிகழ்வது மெய்.

பர்மாவிலிருந்து வந்த அடுப்பு

கோயிலைவிட்டு இனி வீட்டுக்கு வருவோம். சென்ற நூற்றாண்டில் தமிழர் மேற்கொண்ட பயணங்களுள் துயரம் மிக்கது பர்மாவினின்று மீண்ட பயணமாகும். 1941 டிசம்பரில் இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசினர். 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். போருக்குப் பின் மீண்டும் சென்று வாழ்ந்தவர்களும், அங்கேயே தங்கியவர்களும், 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, 1964-இல் கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியபின் கப்பலேறினர். பணமும் நகையும் எடுத்துச் செல்லக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. தமிழகத்தின் பல நகரங்களில் பர்மா காலனி என்ற பெயருடைய குடியிருப்புகள் தோன்றியமையும், சென்னையில் பர்மா பசார் எழுந்தமையும் இவ்வாறே.

எம் உறவினரான மூதாட்டி ஒருவர் இரங்கூனில் பிறந்து, 1964-இல் தம் 14-ஆம் வயதில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, பின்னர்த் திருச்சியில் வாழ்க்கைப்பட்டவர். பர்மாவைப் பற்றிக் கேட்டால், “எல்லாம் மறந்து போச்சு தம்பி” என்பதே அவர் விடையாக இருந்தது. ஒருநாள் அவர் அத்தோ செய்யும்போது நாம் உடனிருக்க நேர்ந்தது.

அத்தோ என்பது பர்மிய மொழியில் கையால் கலந்து செய்யும் கூட்டுணவைக் குறிக்கும் சொல்லின் தமிழ் வடிவம். வேகவைத்த நூடுல்சோடு மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசு, வெங்காயம், கொத்தமல்லி, வறுத்த கடலை மாவு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவர். உடன் அருந்துவதற்கு வாழைத்தண்டுச் சாறு. பர்மியர் காலை உணவாகிய மொகிங்காவே இச்சாற்றின் மூலம். அது கெளுத்தி மீனைக் கொதிக்கவைத்து, எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டு, மீன் விழுது சேர்த்து, கடலை மாவையோ வறுத்த அரிசி மாவையோ கரைத்து விட்டு, வாழைத்தண்டு இட்டு ஆக்கப்படுவது. இங்கு வந்தபின் பலருடைய அடுப்பில் மீன் மறைந்தது. மீன் விழுதும் எலுமிச்சைப் புல்லும் எளிதில் கிட்டவில்லை. வாழைத்தண்டுக்கோ குறைவில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் திருச்சியிலேயே தொடங்கப்பெற்றது என்றால், காவிரிக் கரையின் வாழை வளத்துக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஐராவதியின் கரையில் பிறந்த சாறு காவிரிக் கரையின் தண்டைக் கொண்டு உயிர் பிழைத்தது.

மூதாட்டியார் பூண்டை மெல்லியதாக அரிந்து எண்ணெயில் இட்டார். அது பொன்னிறம் கொள்ளும் நேரத்தில் அவராகவே பேசத் தொடங்கினார். தந்தையார் கடையை மூடியதும் தம்மைத் தோளில் ஏற்றித் தெருமுனைக்கு அழைத்துச் சென்றது. அங்கே தரையோடு தரையாகப் பலகை இட்டு அமர்ந்து அத்தோ விற்ற பர்மியப் பெண் தம் கன்னத்தில் சந்தனம் போன்ற குழம்பைத் தடவிவிட்டது. கப்பலில் தாயார் மூன்று நாள் வாய் திறவாமல் இருந்தது என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் மறந்துபோயிற்று என்றவர் மறக்கவில்லை. நாம் கேட்ட இடம் தவறு. கூடத்தில் அமர்ந்து கேட்டதற்குக் கிடைக்காத விடை அடுப்பருகே கிடைத்தது.

உண்டு முடித்தபின் அவர் சொன்னார்: “இது அந்த ஊரு ருசி இல்லை தம்பி. ஆனா பூண்டு பொரியுற வாசம் மட்டும் அதே வாசம்தான்.” ஆராய்ச்சி நூல்கள் கூற விழைவதை அவர் இரண்டு தொடர்களில் கூறிவிட்டார்.

மீன் இட்டுச் செய்யும் பழைய மொகிங்காவின் பக்குவம் தமக்குத் தெரியாது என்றும், அது தம் அக்காவுக்கே தெரியும் என்றும் கூறினார். அவ்வம்மையாரை நாம் அறிவோம். பல ஆண்டுகள் பெருநாள்தோறும் அவர் வீட்டுக்குச் சென்றிருக்கின்றோம். அவர் கையால் உண்டிருக்கின்றோம். ஒருமுறையும் கேட்டதில்லை. இன்று கேட்பதற்கு அவர் இல்லை. நடைப்பயணத்தின் கதையும் அவரோடு சென்றது. 1942-இல் கைக்குழந்தையாகக் காட்டு வழியில் சுமந்து வரப்பெற்றவர் அவரே என்பதையும், போர் ஓய்ந்தபின் குடும்பம் மீண்டும் இரங்கூன் சென்றது என்பதையும் அன்றுதான் நாம் அறிந்தோம்.

அயல் எது, அகம் எது?

சில வேளைகளில் அயலகத்தில் நாம் கண்டு வியந்து, ஊர் திரும்பிச் சமைத்துப் பார்க்கும் உணவு நம்முடையதாகவே இருப்பதுண்டு. பினாங்குக்குச் சென்று மீண்டோர் நாசி கண்டாரைப் புகழாமல் இரார். நாசி என்பது மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் காவடியாகச் சுமப்பது. தமிழ் முசுலிம் வணிகர், காவடியின் இருபுறமும் சோற்றுப் பாத்திரமும் கறிப் பாத்திரமும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றமையால் வந்த பெயர் அது. அங்கே புட்டு மாயம் என்பது நம் இடியாப்பமே. அதனைத் திருச்சியில் ஆக்கும்போது பினாங்குத் தெரு நினைவுக்கு வருகின்றது. பினாங்கில் அதனை முதன்முதல் ஆக்கியவர்க்கோ தமிழகத்து ஊர் நினைவுக்கு வந்திருக்கும். ஒரே அடுப்பு இருவரை எதிரெதிர்த் திசையில் அழைத்துச் செல்கின்றது.

இப்போக்குவரவு பழமையானது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரி கடலொடு கலக்கும் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை எண்ணிச் சொல்லும்போது, ஈழத்தினின்று வந்த உணவையும் காழகத்தினின்று வந்த பொருளையும் குறிப்பிடுகின்றார். காழகத்தைக் கடாரம் என்பர் உரைகாரர் நச்சினார்க்கினியர். கடாரமாகிய கெடாவின் கரையை அடுத்த தீவே பினாங்கு.

நம் காலத்தில் இவ்வரிசையில் வளைகுடா நாடுகள் சேர்ந்துள்ளன. உலர்ந்த எலுமிச்சையிட்டுச் சமைக்கும் கப்சாவும், குழியடுப்பில் வேகும் மந்தியும் இன்று தமிழகத்து நகரங்களில் விற்பனையாகின்றன. கடையில் உண்ணும் இளைஞர்க்கு அது புதுச்சுவை. பல ஆண்டுகள் பாலை நிலத்தில் ஓர் அறையில் அறுவராகத் தங்கி, முறைவைத்துச் சமைத்துண்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பிய தந்தைக்கோ அஃது இளமையின் சுவை. ஒரே தட்டில் இருவரும் உண்கின்றனர், உண்பது ஒன்றன்று.

மறந்துபோன பயணங்கள்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். உணவு தரும் பயண நினைவு எத்துணைக் காலம் நிலைக்கும்?

மிளகாய் நம் நாட்டதன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே இங்கு வந்தது. மிளகைப் போலக் காரமுடைய காய் என்பதால் மிளகாய் என்று பெயரிட்டனர் நம்மவர். உருளைக்கிழங்கும் தக்காளியும் அக்கண்டத்தினின்று வந்தவையே. முதன்முதல் மிளகாயை அரைத்தவர் அதனைக் கொணர்ந்த கப்பலையும் அதன் மனிதரையும் எண்ணியிருத்தல் கூடும். இன்று மிளகாயைக் கிள்ளும் எவர்க்கும் அத்தகைய நினைவு எழுவதில்லை. உணவு தங்கிவிட்டது, பயணம் மறைந்துவிட்டது.

அத்தோவும் அவ்வழியிலேயே செல்கின்றது. சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் மாலைதோறும் அதனை உண்போருள் பர்மாவை அறிந்தோர் சிலரே. உணவு பரவுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பரவப் பரவ அதன் கதை மெலிகின்றது. பயணம் செய்தவர் சமைக்கும்போது அது நினைவு. அவர் மக்கள் சமைக்கும்போது அது கேள்வி. பெயரர் காலத்தில் அது வெறும் பண்டம்.

அவ்வாறாயின் திருவரங்கத்து ரொட்டி மட்டும் தன் கதையை இழவாமைக்குக் காரணம் யாது? ரொட்டியின் சுவையன்று. சப்பாத்தி இன்று எல்லா வீடுகளிலும் உண்டு. அதனை உண்டு தில்லி இளவரசியை நினைப்பவர் எவருமிலர். அங்கே ரொட்டி படைக்கப்படும்போதெல்லாம், ‘யாருக்கு? ஏன்?’ என்ற வினாவும், அதற்குரிய கதையும் உடன் படைக்கப்படுகின்றன. நூலில் எழுதி வைத்தனர், சந்நிதி அமைத்தனர், வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னார்கள். உணவு நினைவைத் தூண்டும். அதனைக் காப்பதோ சொல்லே. அடுப்பும் ஏடும் இணைந்த இடத்தில் மட்டுமே பயணம் தலைமுறை கடந்து நிற்கின்றது.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

வீடுகளுக்குக் கோயிலொழுகு இல்லை. அதனை எழுத வேண்டியவர்கள் தமிழ் பயிலும் நம் மாணவர்களே. இரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஜித்தா, துபாய் என எங்கேனும் வாழ்ந்து மீண்ட ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. வரும் விடுமுறையில் அவரை அணுகுங்கள். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று தாளும் எழுதுகோலுமாக எதிரே அமராதீர்கள். ‘அங்கே உண்டதைச் செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவரால் அடுப்பருகே நிற்க இயலாதெனில், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். வெங்காயம் நறுக்குங்கள், அம்மி இருந்தால் அரையுங்கள்.

நான்கு செய்திகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வுணவை அவர் முதன்முதல் எங்கே, யார் கையால் உண்டார்? இங்கு வந்தபின் எப்பொருள் கிடைக்கவில்லை, அதற்கு மாற்றாக எதனைச் சேர்த்தார்? அதனை எந்த நாளில், யாருக்காகச் சமைப்பார்? அவ்வூரில் அதற்கு வழங்கிய பெயர் யாது? இரண்டாம் வினாவைத் தவறவிடலாகாது. மாற்றிச் சேர்த்த பொருளில்தான் பயணத்தின் இரு கரைகளும் சந்திக்கின்றன. அளவு கேட்டால் ‘ஒரு கைப்பிடி’ என்பார். அக்கைப்பிடியையும் ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கை என்றும் இருக்கப் போவதில்லை.

நாம் இதனை அறிவுரையாக மட்டும் கூறவில்லை. கேட்கத் தவறியவரின் வருத்தமாகவும் கூறுகின்றோம். எம் மூதாட்டியார் சொன்ன அத்தோவின் பக்குவத்தை இப்போது எழுதி வைத்துள்ளோம். அதன் அடியில் கப்பலில் வாய் திறவாதிருந்த தாயாரைப் பற்றியும் எழுதியுள்ளோம். அவர் அக்காவின் மொகிங்காவுக்கு ஒரு பக்கம் விட்டுவைத்துள்ளோம். அப்பக்கம் வெறுமையாகவே உள்ளது. உங்கள் ஏட்டில் அத்தகைய பக்கம் ஒன்று அமையாதிருப்பதாக.